சத்தம் கேட்டால் நிற்கும் குதிரை

குதிரை என்றால் எனக்குப் பயம். ஜட்கா ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டவள் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் பிறந்தது காசிமேட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில். அலை கட்டுமரத்தைத் தூக்கிப் போடுவதைப் பார்த்து நான் பயந்ததில்லை. சுறாவின் வாய்க்குள் கைவிட்டுத் தூண்டில் முள்ளைப் பிடுங்கியிருக்கிறேன். ஆனால் அது செத்த சுறா. குதிரை உயிரோடு இருக்கிறது, அதன் தலை என் தலைக்கு மேலே இருக்கிறது, அடுத்த நொடி அதற்கு என்ன தோன்றும் என்று அதற்கே தெரியாது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் என் மீன்கூடையை நாற்றம் என்று சொல்லி வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர். பிறகு அந்த நாற்றத்தையே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அதனால் இரண்டு பக்கத்துச் சனங்களும் செய்த ரகளையை இங்கே எழுதப் போவதில்லை. திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டினாற்போல் ஓலைக் கொட்டகை போட்டு அதில் குதிரையைக் கட்டியிருந்தோம். வீட்டில் அவர், நான், அவருடைய தங்கை. என் நாத்தனாரின் புருஷன் கப்பலில் கரி தள்ளுகிற வேலை. வருஷத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவள் எங்களோடுதான் இருந்தாள்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பட்டாளத்து லாரிகள் எல்லாம் சரக்கு லாரிகளாக மாறி எங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் அப்படி ஒரு லாரி ராயபுரத்தில் வண்டிக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. எங்களிடம் இருந்த பழைய குதிரை அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியது. வண்டி விளக்குக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரருக்குத் தோள் பிசகியது. குதிரைக்கு முன்னங்கால் முறிந்து, அதற்கு மேல் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. வண்டிக்குள் நாத்தனார் இருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை தங்கவில்லை.

மறுபடி அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அதே மாதத்தில்தான் புதுக் குதிரை வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த முறை மருத்துவச்சியை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, வலி கண்டதும் ராயபுரத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். கை ரிக்‌ஷாவில் குந்திக்கொண்டு அவ்வளவு தூரம் அவளால் வர முடியாது. படுத்துக்கொண்டு வர வேண்டும். அப்படியென்றால் எங்கள் வண்டிதான், இந்தப் புதுக் குதிரைதான். அவளுக்கு நாள் நெருங்குவதற்குள் குதிரை பழகியாக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வந்தது சின்ன வயசு மட்டக்குதிரை. செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்தில் வளர்ந்தது. ஏரியையும் வயலையும் தவிர எதையும் பார்த்திராத ஜீவனைக் கொண்டுவந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிறுத்தினால் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் மிரண்டது. ஆலைச் சங்குக்கு மிரண்டது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கொட்டகைத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாக்கடை மூடிக்கு மிரண்டது. வண்ணார்கள் கொடியில் உலர்த்திய வேட்டிக்கு மிரண்டது. யாரோ ஒரு குமாஸ்தா வெயிலுக்குக் கறுப்புக் குடையை விரித்தார், அதைப் பார்த்துவிட்டுப் பின்னங்கால்களில் எழுந்து நின்றுவிட்டது. அந்த மனிதர் அப்புறம் எங்கள் சந்துப் பக்கம் வந்தாலே குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு வெயிலில் போவார்.

அதைவிட நான் மிரண்டேன். குதிரையாவது எதைப் பார்த்து மிரள்கிறது என்று தெரிந்தது. நான் குதிரையைப் பார்த்தும் மிரண்டேன், அது எதைப் பார்த்து மிரளப் போகிறதோ அதையெல்லாம் அதற்கு முன்னாலேயே பார்த்தும் மிரண்டேன். தெருவில் நடந்தால் எங்கே லாரி, எங்கே கொடித்துணி, எங்கே குடை என்று என் கண் அலையும். ராத்திரி படுத்தால் குளம்புச் சத்தம் காதிலேயே இருக்கும். நாத்தனாரின் வயிறு பெரிதாக ஆக, எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

பழக்கினவர் என் வீட்டுக்காரர். ஆனால் கயிற்றைப் பிடிக்கவே அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதிலும் பிசகின தோள். கொள்ளு கொடுக்க இன்னொரு கை வேண்டும். வாயும் வயிறுமாக இருப்பவளை அந்தப் பக்கமே விடக்கூடாது. மீதி இருந்தது நான்தான்.

அவருடைய முறை இது. குதிரையைச் சாலையோரம் கொண்டுபோய் நிறுத்துவார். நான் அதன் முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், ஊறவைத்த கொள்ளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். லாரி வரும், ஹாரன் அடிக்கும். குதிரை துள்ளினால் கொள்ளு கிடையாது. அசையாமல் நின்றால் நான் கையை விரித்து நீட்ட வேண்டும்.

"சத்தம் வந்தா நிக்கணும். நின்னா கொள்ளு. ஓடுனா ஒண்ணும் கெடையாது. அவ்ளோதான் மே, இதுல பயப்பட இன்னா கீது?" என்றார்.

என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தச் சூடான மூச்சு என் மணிக்கட்டில் படும்போது எனக்கு மூத்திரம் முட்டும், அதுதான் இருக்கிறது. மேலுதடு ஒரு விரல் போல நீண்டு என் கையைத் தடவிப் பார்க்கும். அதற்குப் பின்னால் பல். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டுவேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் கொள்ளு கீழே கொட்டிவிடும், குதிரை குனிந்து பொறுக்கும், அவர் திட்டுவார். முதல் வாரமெல்லாம் தெருவில் நான் கொட்டிய கொள்ளைக் காக்காய்களும் தின்றன.

ஆனாலும் பழகியது. முதலில் கட்டை வண்டிகள், பிறகு லாரி. வண்ணாரப்பேட்டைப் பக்கம் கூட்டிப்போய் டிராம் மணியைக் கேட்க வைத்தோம். சாவு மேளம் போனால் ஜனங்கள் ஒதுங்குவார்கள், நாங்கள் குதிரையை இழுத்துக்கொண்டு கிட்டே போய் நிற்போம். செத்தவர் வீட்டார் முறைத்ததும் உண்டு. கடைசியாக ரயில். தண்டையார்பேட்டையில் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் இடத்தில், இன்ஜின் விசில் அடிக்கும் இடத்தில், வேலி ஓரமாக நாள் கணக்கில் நின்றோம். விசிலுக்குத்தான் அது நிறையப் பயந்தது. அதனால் விசிலுக்குக் கொள்ளோடு கொஞ்சம் வெல்லமும் சேர்த்தோம். வெல்லம் என் யோசனை.

கொஞ்ச நாளில், எந்தச் சத்தம் கேட்டாலும் குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. காதை மட்டும் திருப்பும். பிறகு தலையைத் திருப்பி என்னைத் தேடும். சந்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தகர டப்பாவைத் தட்டினார்கள். பித்தளைத் தட்டைக் கீழே போட்டார்கள். அது அசையவில்லை. வேறு ஜட்காக்காரர்கள் கூட, இந்த மாதிரி கல்லாட்டம் நிற்கிற குதிரையைப் பார்த்ததில்லை என்றார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான் பெருமை. பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு பெருமையும் இருந்தது.

நாத்தனார் மட்டும் நம்பவில்லை. கொட்டகைப் பக்கம் வரவே மாட்டாள். "அண்ணி, நான் நடந்தே பூட்றேன். இந்த வண்டில மட்டும் ஏறச் சொல்லாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். இது அந்தக் குதிரை இல்லை, இது நிற்கிற குதிரை என்று நான் சொல்வேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பொய் மாதிரி கேட்கும்.

அவளுக்கு வலி கண்டது விடியற்காலையில். சொன்ன நாளைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவர் குதிரையைப் பூட்டினார். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் ஏறினாள். அத்தனை மாதம் மாட்டேன் மாட்டேன் என்றவள் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் படுத்தது எனக்கு நல்லதாகப் படவில்லை. நான் பின்பக்கம், அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் முன்னால், குதிரையைப் பூட்டுகிற ஏர்க்கால் ஓரம் உட்கார்ந்து லகானைப் பிடித்தார். அவசரத்தில் கொள்ளுப் பையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எதற்குக் கொள்ளை எடுத்துக்கொண்டு போவார்கள்?

சாலை காலியாக இருந்தது. குதிரை நன்றாகவே ஓடியது. அந்த நேரத்தில் லாரி இல்லை, டிராம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. வண்டிக்குள்ளேயும் சத்தம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் குப்பத்தில் பிள்ளை பெறுகிறவள் போடுகிற கூச்சல் கடலில் இருக்கிற கட்டுமரத்துக்குக் கேட்கும். இவள் முனகக்கூட இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. தூங்குகிறாளோ என்று நினைத்துப் பார்த்தேன். இந்த நேரத்தில் எவளாவது தூங்குவாளா?

ராயபுரத்துக்குள் போவதற்கு முன்னால், துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகிற கிளைத் தண்டவாளம் ஒன்று சாலைக்குக் குறுக்கே போகும். அந்த இடத்தில் கேட் கிடையாது. வண்டி வரும்போது கொடிக்காரர் ஒருவர் முன்னால் வந்து சிவப்புக் கொடி பிடிப்பார். இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும். அன்றைக்குக் கடல் மூட்டம். நாங்கள் போகும்போது கொடியையும் காணோம், பெட்டியையும் காணோம். குதிரை தண்டவாளத்தில் ஏறியது. வண்டிச் சக்கரம் முதல் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டுக்கும் நடுவில் இறங்கியது. அப்போது இன்ஜின் விசில் அடித்தது.

குதிரை நின்றுவிட்டது.

மிரளவில்லை, துள்ளவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி நாலு காலையும் ஊன்றி, அசையாமல், தண்டவாளத்தின் நடுவில் நின்றது. அவர் லகானை உதறினார். சாட்டையால் ஒன்று வைத்தார். அவர் அதை அடித்தது அதுதான் முதல் தடவை. அது தலையைத் திருப்பிற்று. கண்ணுக்கு இருபக்கமும் மறைத்த பட்டைக்கு வெளியே முகத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது. மேலுதடு நீண்டு அசைந்தது. என்னைத் தேடுகிறது, வெல்லத்துக்கு நிற்கிறது என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்றே பழக்கினோம். சத்தத்தோடு நட என்று ஒரு நாள் கூடச் சொல்லித் தரவில்லை. ஓடிய குதிரையால் பிள்ளையைப் பறிகொடுத்த எங்களுக்கு நிற்கிற குதிரையால் என்ன வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மூட்டத்துக்குள்ளிருந்து முதல் பெட்டி தெரிந்தது. அதன் தட்டையான முகம் மட்டும், ஆளில்லாமல், எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மூட்டத்துக்குள் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்த கொடிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளை ஒட்டியே பின்பக்கம் ஓடினார், டிரைவருக்குச் சொல்ல. இன்ஜின் எத்தனை பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதோ.

அவர் இறங்கினால் ஆகாது. ஜட்காவில் பாரம் பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி வண்டி அண்ணாந்துவிடும். அவள் படுத்திருக்கும்போது முன்பாரத்தை எடுக்க முடியாது. பின்னால் இருந்தவள் நான்தான்.

குதித்தேன். கால் எங்கே பட்டது என்று தெரியாது. வண்டியைச் சுற்றி ஓடி, அதன் முகத்துக்கு நேரே, அந்தப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு வெளியே போய் நின்றேன். கை காலியாக இருந்தது. கையை மூடினேன், உள்ளே கொள்ளு இருக்கிறாற்போல. நீட்டினேன். பெட்டி வருகிற பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். குதிரையின் முகத்தைத்தான் பார்த்தேன். அத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். அது என் கைக்காகக் கழுத்தை நீட்டிற்று. நான் ஓரடி பின்னால் வைத்தேன். எட்டவில்லை. இன்னும் நீட்டிற்று. இன்னும் ஓரடி.

ஒரு கால் எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று. சக்கரம் இரண்டாவது தண்டவாளத்தில் முட்டி நின்றது. அவர் ஏர்க்காலில் முன்னால் நகர்ந்து, தன் உடம்பை முன்னால் தள்ளி, நாக்கைச் சொடுக்கினார். நான் மூடிய கையோடு பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன். "வா" என்றேனா, வேறு ஏதாவது சொன்னேனா, நினைவில்லை. சக்கரம் ஏறி இறங்கிய சத்தம் கேட்டது. அப்புறம் வண்டிக்குப் பின்னால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்காது.

குதிரை என் கையை எட்டிப் பிடித்துவிட்டது. உதட்டால் விரல்களைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நக்கிப் பார்த்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ள என்னிடம் தெம்பு இல்லை.

அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்து, குரலே எழும்பாமல், "மே, அவ இன்னா ஆனா பாரு. பேச்சே காணோம்" என்றார்.

இதற்கு முன்னால் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பின்பக்கம் ஓடி ஏறினேன். அவள் கண் திறந்திருந்தது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டேன், கண் என் பக்கம் திரும்பியது, வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பாறையாக இருந்தது. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று தேடினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் எது என் நடுக்கம், எது பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. போன தடவையும் அவள் இப்படித்தான் பேசாமல் கிடந்தாள், கம்பத்தில் மோதிய பிறகு. போச்சு, இதுவும் போச்சு என்று என் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் லகானைப் போட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாக்கள் வந்து அவளைத் தூக்கினார்கள். அவரை உள்ளே விடவில்லை. குதிரையைப் பிடித்துக்கொண்டு சாலையிலேயே நின்றார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவு. எத்தனை நேரமாக வலி என்று நர்ஸ் கேட்டார். அவள் சொல்லவில்லை. பிள்ளை அசைகிறதா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசிக் கதவையும் தாண்டி உள்ளே கட்டிலில் கிடத்தினார்கள். அவள் தலையைத் தூக்கி வந்த வழியைப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அதில் ரத்தம் இருந்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள்.

"அண்ணி, இங்கேர்ந்து குதிரைக்குக் கேக்காதில்ல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"போன தபா நான் கத்துனதாலதான் அது இன்னும் மெரண்டு ஓடிச்சுன்னு அண்ணன் சொல்லிச்சு. அதான் வாயை மூடிகினு வந்தேன். இப்ப கத்தலாமா?"

அவர் அப்படிச் சொன்னது உண்டு. தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த நாளில், வேதனையில், யாரிடம் என்று இல்லாமல் ஒரே ஒரு தடவை சொன்னார். சொன்னதை அவரே மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். நாங்கள் சாலையில் குதிரைக்குச் சத்தத்தைப் பழக்கிய அத்தனை மாதமும் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் போடாமல் இருக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கத்துடி. என் ராசாத்தி, கத்து" என்றேன்.

அவள் கத்தினாள். நர்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டார். தாழ்வாரத்தில் வேறு யாரோ எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கத்தல் முடிவதற்குள் அடுத்தது வந்தது. வெளியே சாலையில் நின்ற என் வீட்டுக்காரருக்கு அது கேட்டிருக்கிறது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததாக வாட்ச்மேன் பிறகு என்னிடம் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் ஆண்பிள்ளை பிறந்தது. வீறிட்டு அழுத பிள்ளையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அவள் நிறுத்தவில்லை. போதும், பிறந்தாச்சு என்று நர்ஸ் அதட்டினார். அவளைக் கத்த விடுங்கள் என்று நான் நர்ஸிடம் சண்டை போட்டேன்.